6 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பொம்மைக் காரிலிருந்து கழற்றிய இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் 6 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. பழைய பிரிண்டரிலிருந்து வந்த இன்னொன்றில் எழுத்தே இல்லை. கைவசம் ஒரு 12 வோல்ட் அடாப்டரும் இரண்டு லித்தியம் செல்களும் உண்டு. சின்ன ரோபோ வண்டி செய்யப் போகிறீர்கள். எத்தனை வோல்ட் வரை கொடுத்தால் மோட்டார் எரியாது? இதற்கு முன் பதில் சொன்ன ஒருவர் பத்து சதவீதம் கூடினாலே ஆபத்து என்கிறார், இன்னொருவர் தான் இரண்டு மடங்கு கொடுத்து ஒரு வருடமாக ஓட்டுவதாகச் சொல்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு தாங்கும், சிக்கி நின்றுவிட்டால் எவ்வளவு தாங்கும். பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சின்ன மோட்டார்களைப் பிரித்துச் சுருள் சுற்றி வருகிறேன். கருகி என் மேஜைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சிக்கி நின்ற நேரத்தில் போனவை.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்ப்போம். நிரந்தரக் காந்தமும் பிரஷும் (சுற்றும் சுருளை உரசிக் கரண்ட் கொடுக்கும் தொடுமுனை) உள்ள டிசி மோட்டார் சுற்றும்போது அதுவே ஒரு சின்ன டைனமோவாகவும் வேலை செய்கிறது. சுற்றும் வேகத்துக்கு ஏற்ப உள்ளே ஒரு வோல்டேஜ் பிறந்து, நாம் கொடுக்கும் வோல்டேஜை எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள மிச்சம்தான் சுருளின் மின்தடை வழியாகக் கரண்டைத் தள்ளுகிறது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: 6 வோல்ட் மோட்டார், சுருளின் மின்தடை 3 ஓம். வண்டியை இழுக்கும்போது 0.5 ஆம்பியர் எடுக்கிறது என்றால் சுருளில் விழுவது 1.5 வோல்ட். மீதி 4.5 வோல்ட் அந்த எதிர் வோல்டேஜ், அதாவது வேகம். சுருளில் வெப்பமாகப் போவது 0.75 வாட். மோட்டாரின் முறுக்குவிசை கரண்டைப் பொறுத்தது, கரண்ட் எவ்வளவு என்பதை லோடு தீர்மானிக்கிறது. வோல்டேஜ் தருவது வேகத்தை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதே மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? லோடைப் பொறுத்தது. ஒரு எடையைக் கயிற்றில் கட்டி மேலே தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். எடை மாறவில்லை, தேவையான முறுக்குவிசையும் மாறவில்லை, அதனால் கரண்ட் ஏறத்தாழ அதே 0.5 ஆம்பியர்தான். எதிர் வோல்டேஜ் 10.5 ஆக உயர்ந்து வேகம் இரண்டு மடங்கைத் தாண்டும். சுருளின் சூடு அதே 0.75 வாட்தான். (உராய்வும் இரும்பில் ஏற்படும் இழப்பும் வேகத்தோடு கூடும், அது தனிக் கணக்கு.) இப்போது எடைக்குப் பதிலாக ஒரு விசிறி இறக்கையை மாட்டுங்கள். இறக்கை கேட்கும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். கணக்குப் போட்டால் கரண்ட் 0.5 இலிருந்து சுமார் 1.45 ஆம்பியருக்குப் போகிறது, சுருளின் வெப்பம் 6.3 வாட் ஆகிறது. எட்டு மடங்குக்கும் மேல். கட்டைவிரல் அளவு மோட்டார் தொடர்ந்து வெளியே விடக்கூடிய வெப்பம் ஓரிரு வாட், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். ஆக, இரண்டு மடங்கு வோல்டேஜ் கொடுத்து ஒரு வருடம் ஓட்டியவரின் லோடு முதல் வகையாக இருந்திருக்கும்.

மூன்றாவது நிலைமைதான் ரோபோ வண்டிக்காரர்களுக்கு முக்கியம்: சக்கரம் சுவரில் முட்டி நிற்கிறது, அல்லது கியரில் ஒரு நூல் சிக்கிக்கொள்கிறது. ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் எதிர் வோல்டேஜ் பூஜ்யம். கொடுத்தது முழுவதும் 3 ஓம் சுருள் மேல் விழுகிறது. 3 வோல்ட்டில் 1 ஆம்பியர், 3 வாட். 6 வோல்ட்டில் 2 ஆம்பியர், 12 வாட். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர், 48 வாட். வோல்டேஜ் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. அதுவும் எல்லாச் சுருளிலும் சமமாக இல்லை. பொம்மை மோட்டார்களில் வழக்கமாக மூன்று சுருள்கள் முக்கோணமாக இணைந்திருக்கும். நின்றுபோன நிலையில், பிரஷ்களுக்கு நேர் நடுவே மாட்டிய ஒரு சுருள் மட்டும் மொத்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொள்ளும். சுற்றும்போது மூன்றும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால் இந்தச் சிக்கல் தெரியாது. ஆர்மேச்சரில் (சுருள் சுற்றிய சுழலும் பாகம்) மொத்தம் 5 கிராம் தாமிரம் இருக்கிறது என்று வைத்தால், 12 வோல்ட்டில் சிக்கிய அந்த ஒரு சுருள் விநாடிக்குக் கிட்டத்தட்ட 50 டிகிரி ஏறும். மூன்று விநாடியில், கம்பியின் மேல் காப்பாகப் பூசிய சாதாரண எனாமல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது மோட்டாரின் வெளி உறையைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும், உள்ளே எரிவது கைக்குத் தெரியாது.

இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மாணவர்கள் சிலர் போட்டிக்காகச் செய்த வண்டிக்கு, வேகம் போதவில்லை என்று கேட்டதால், 6 வோல்ட் மோட்டார்களை 12 வோல்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் அற்புதமாக ஓடியது, மோட்டார் லேசான சூடுதான். சரி என்று தலையாட்டிவிட்டேன். மறுநாள் வண்டி மேஜைக் காலில் முட்டி நின்றது. ரிமோட்டில் இருந்த பையன் விசையை விடவில்லை, இன்னும் அழுத்தினான். புகை வருவதற்கு முன்பே அந்த எனாமல் வாசனை வந்துவிட்டது. ஓடும்போது எடுத்த சோதனையை வைத்து நிற்கும்போது என்ன ஆகும் என்று முடிவு கட்டியது என் தவறு.

அப்படியானால் லேபிளில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம்? அது உடையும் எல்லை இல்லை. அந்த வோல்டேஜில் ஓட்டினால் வேகம், பிரஷின் ஆயுள், சூடு எல்லாம் தயாரிப்பாளர் எதிர்பார்த்தபடி இருக்கும் என்பதுதான் பொருள். ஒரே உறை, ஒரே காந்தம், ஆனால் கம்பியின் தடிமனையும் சுற்று எண்ணிக்கையையும் மாற்றி 3 வோல்ட், 6 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக விற்பார்கள். வெளியே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வோல்டேஜைக் கூட்டினால் நிச்சயம் நடப்பவை: வேகம் ஏறும், பிரஷ் சீக்கிரம் தேயும், கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் தாமிரத் துண்டுகள்) பொறி கூடும், சிக்கினால் வரும் கரண்ட் அதே விகிதத்தில் ஏறும். எத்தனை மணி நேரம் ஆயுள் குறையும் என்று எண் சொல்பவரை நம்பாதீர்கள். அது பிரஷின் வகை, லோடு, தூசி, எத்தனை முறை நின்று கிளம்புகிறது என்று பலவற்றைச் சார்ந்தது. மெல்லிய உலோகத் தகடு பிரஷாக இருக்கும் மோட்டார்கள் பொறிக்கு மிக நோஞ்சான், கார்பன் பிரஷ் உள்ளவை கொஞ்சம் முரட்டுத்தனமானவை. பின்மூடியின் சந்துகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் எது என்று தெரிந்துவிடும்.

எழுத்து இல்லாத மோட்டாருக்கு வருவோம். எந்தக் கருவியிலிருந்து கழற்றினீர்களோ அதன் பேட்டரியும் அடாப்டரும்தான் முதல் துப்பு. நான்கு சாதாரண பேட்டரி போட்ட பொம்மை என்றால் 6 வோல்ட். பிரிண்டரிலிருந்து வந்தவை பெரும்பாலும் 24 வோல்ட் அல்லது அதற்கு மேல் சப்ளையில் வேலை செய்தவை, ஆகவே உங்கள் 12 வோல்ட்டில் அது மெதுவாக, சாதுவாக ஓடும் வாய்ப்பே அதிகம். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பிரிண்டரின் கன்ட்ரோல் போர்டு அந்த வோல்டேஜை வெட்டி வெட்டித்தான் கொடுத்திருக்கும்.

அடுத்தது சுருளின் மின்தடையை அளப்பது. மல்டிமீட்டரை ஓம் வரிசையில் வைத்து நேரடியாக அளந்தால் இரண்டு மூன்று ஓம் மோட்டாருக்குக் குப்பையான எண்தான் வரும். மீட்டரின் கம்பியும் பிரஷின் தொடுமிடமும் சேர்ந்தே அரை ஓம், ஒரு ஓம் காட்டிவிடும். இப்படிச் செய்யுங்கள்: 5 வோல்ட் சப்ளை, அதோடு தொடராக 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, பிறகு மோட்டார். ஷாஃப்டை இடுக்கியால் பிடித்துச் சுற்றவிடாமல் வைத்து, ரெசிஸ்டரின் இரு முனையிலும் மோட்டாரின் இரு முனையிலும் வோல்டேஜை அளந்துகொள்ளுங்கள். ரெசிஸ்டரில் 3.85 வோல்ட் என்றால் கரண்ட் 0.385 ஆம்பியர். மோட்டாரில் 1.15 வோல்ட் என்றால் மின்தடை 3 ஓம். ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் எண் சற்று மாறும். கிடைத்த மின்தடையை வைத்து, எந்த வோல்டேஜில் சிக்கினால் எத்தனை வாட் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பொம்மை மோட்டார் அளவில் 10, 12 வாட்டுக்குள் நிற்கும்படி வைத்துக்கொள்வது என் பழக்கம். புத்தக விதி கிடையாது, கருகியவற்றைப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கு. அதற்குள் நின்றால் தவறைக் கவனித்து விசையை விடுவதற்குச் சில விநாடிகளாவது கிடைக்கும்.

பிறகு லோடு இல்லாமல் 1 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றிக்கொண்டே போய்க் கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். லோடு இல்லாத கரண்ட் வோல்டேஜோடு சோம்பேறித்தனமாகத்தான் ஏறும். ஓர் இடத்துக்குப் பிறகு அது வேகமாக ஏறத் தொடங்கினாலோ, கீச்சென்ற சத்தம் வந்தாலோ, பிரஷ் பக்கம் நீலப் பொறி வளையமாகத் தெரிந்தாலோ, நீங்கள் தாண்டக்கூடாத இடத்தைத் தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்து நன்றாகவே கீழே இறங்கி நில்லுங்கள். இந்தச் சோதனை வேகத்தின் எல்லையை மட்டும் காட்டும், சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சூட்டைத் தெரிந்துகொள்ளத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம், சுருளே ஒரு தெர்மாமீட்டர்தான். தாமிரத்தின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் வாக்கில் ஏறும். குளிர்ந்த நிலையில் அளந்த மின்தடையையும் அப்போதைய அறை வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். வண்டியை உண்மையான லோடோடு பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்திய கையோடு மறுபடியும் அதே முறையில் அளந்துவிடுங்கள். சூடான மின்தடையைக் குளிர்ந்த மின்தடையால் வகுத்து, அதை 234.5 கூட்டல் அறை வெப்பநிலையால் பெருக்கி, வந்ததிலிருந்து 234.5 கழித்தால் சுருளின் வெப்பநிலை. அறை 30 டிகிரி, மின்தடை 3.0 இலிருந்து 3.9 ஆகியிருக்கிறது என்றால் விகிதம் 1.3. 264.5 பெருக்கல் 1.3 என்பது 343.9, அதில் 234.5 போனால் 109 டிகிரி. காப்பு வகைகளில் ஏ வகையின் எல்லை 105, பி வகைக்கு 130, எஃப் வகைக்கு 155. உங்கள் மோட்டாரில் எது என்று எழுதியிருக்காது, ஆகவே ஏ என்று எண்ணிக்கொள்வதே நல்லது. எல்லைக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காப்பின் ஆயுள் பாதியாகும் என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். தோராயமான விதிதான், ஆனாலும் போக்கு சரி. விரலை வைத்துப் பார்ப்பதும் உண்டு: உறையில் ஐந்து விநாடி விரலை வைக்க முடியவில்லை என்றால் உறையே 60 டிகிரிக்குப் பக்கம், சுருள் அதைவிட இன்னும் கணிசமாகச் சூடு.

உங்களிடம் இருக்கும் சப்ளைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரில் உள்ள வோல்டேஜும் முனையில் வரும் வோல்டேஜும் ஒன்றல்ல. லித்தியம் செல் 3.7 என்பார்கள், முழுச் சார்ஜில் 4.2, ஆகவே இரண்டும் சேர்ந்து 8.4. அடாப்டர் கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால், லோடு இல்லாதபோது 12 என்று எழுதியதில் 16 வோல்ட்டுக்கு மேலேயும் காட்டும். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டே இணையுங்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மோட்டாருக்கு யோசிக்கவே வேண்டாம். அதன் உள் மின்தடையே ஓரிரு ஓம், மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் தொப்பென்று விழும், கன்ட்ரோல் போர்டு ரீசெட் ஆகும், பழி உங்கள் புரோகிராம் மேல் விழும்.

பிடபிள்யூஎம் (சப்ளையை வேகமாக ஆன், ஆஃப் செய்துகொண்டே இருக்கும் முறை) வைத்து 12 வோல்ட்டைப் பாதி நேரம் மட்டும் கொடுத்தால் 6 வோல்ட் ஆகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆகும், சில நிபந்தனைகளோடு. துடிப்பு வேகமாக இருந்தால் சுருளின் இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) கரண்டைச் சமப்படுத்திவிடும், மோட்டார் 6 வோல்ட் கொடுத்தது போலவே நடந்துகொள்ளும். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அந்தக் கொசு ரீங்காரமும் காதில் விழாது. துடிப்பு மெதுவாக, நூறு இருநூறு ஹெர்ட்ஸில் இருந்தால் கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அதே வேலைக்குச் சூடு கூடும். எனக்கு இதில் பிடிக்காதது ஒன்றுதான்: புரோகிராம் தொங்கிப்போய் அந்த முனை ஆன் நிலையிலேயே நின்றுவிட்டால் முழு 12 வோல்ட்டும் மோட்டார் மேல் விழும். தவறு நேர்ந்தால் மோட்டாரைக் கொல்லக்கூடிய சப்ளையை மென்பொருளின் நம்பிக்கையில் மட்டும் இணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் (சப்ளைக்கும் மோட்டாருக்கும் நடுவே நிற்கும் சர்க்யூட்) இருந்தால் அது வேறு கதை, அங்கே சிக்கினாலும் நீங்கள் வைத்த அளவைத் தாண்டாது.

வோல்டேஜைக் குறைத்தால் பாதுகாப்பு என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மிகக் குறைவாகக் கொடுத்தால் லோடோடு கிளம்ப முடியாமல் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். நிற்பது என்றால் சிக்கியதற்குச் சமம். 3 வோல்ட்டில் 3 வாட்தான், ஆனால் அதை யாரும் கவனிக்காமல் பத்து நிமிடம் விட்டால் அதிலேயே சுருள் கருகிவிடக்கூடும். இன்னொன்று, முன்னே போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்னோக்கித் திருப்புவது. எதிர் வோல்டேஜ் இப்போது சப்ளையோடு சேர்ந்துகொள்ளும். 6 வோல்ட்டில் ஓடும் நம் உதாரண மோட்டாரில் 4.5 உம் 6 உம் சேர்ந்து 10.5, கரண்ட் 3.5 ஆம்பியர். சிக்கினால் வருவதைவிட முக்கால் மடங்கு அதிகம். கியர் பற்கள் இதில்தான் முதலில் போகும். காந்தமும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கலாம். அப்படி வலுவிழந்த மோட்டார் சும்மா விட்டால் முன்பைவிட வேகமாகச் சுற்றும், லோடு கொடுத்தால் திணறும், கரண்டும் அதிகம் எடுக்கும். திசை மாற்றும் முன் கால் விநாடி நிறுத்தும்படி புரோகிராமில் எழுதிவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் பிரஷ் உள்ள மோட்டாருக்கு மட்டும். கம்ப்யூட்டர் விசிறி போல உள்ளேயே எலக்ட்ரானிக் சர்க்யூட் உள்ளவற்றில் விட்டுக்கொடுப்பு கிடையாது. அங்கே முதலில் போவது செமிகண்டக்டர், அது சூடாகி எச்சரித்துவிட்டுப் போகாது. லேபிளில் உள்ளதைத் தாண்ட வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அடாப்டரை ஒதுக்கிவிட்டு இரண்டு லித்தியம் செல்களைத் தொடராகப் போடுவேன். எல்298 வகை பழைய டிரைவர் என்றால் அதுவே இரண்டு வோல்ட் வாக்கில் விழுங்கிவிடும். முழுச் சார்ஜில் மோட்டாருக்குப் போவது 6.4, செல்கள் இறங்கி மொத்தம் 7 ஆகும்போது 5. குறையாகச் சொல்லப்படும் அந்த இழப்பு இங்கே உங்களுக்கு வசதியாகிவிட்டது. மாஸ்ஃபெட் டிரைவர் என்றால் இழப்பு மிகக் குறைவு, ஆகவே பிடபிள்யூஎம்மை 70 சதவீதத்துக்கு மேல் போகாமல் வையுங்கள், 8.4 இல் அது 5.9 வோல்ட். மென்பொருள் தொங்கினாலும் வரப்போவது 8.4 தான். 3 ஓம் மோட்டாரில் சிக்கினால் 23.5 வாட், நல்ல நிலைமை இல்லை, ஆனாலும் 48 இல்லை. அதற்கும் சேர்த்து ஒவ்வொரு மோட்டாரின் கம்பியிலும் 0.75 ஆம்பியர் பாலிஃப்யூஸ் (சூடானால் கரண்டை அடக்கி, ஆறியதும் தானாக மீளும் ஃப்யூஸ்) ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். ஓடும்போதுள்ள அரை ஆம்பியரை அது கண்டுகொள்ளாது, கிளம்பும்போது ஒரு நொடி வரும் எழுச்சியையும் பொறுத்துக்கொள்ளும், இரண்டு மூன்று ஆம்பியர் நீடித்தால் சூடாகிக் கரண்டை அடக்கிவிடும். முதலில் மின்தடையை அளந்து எண்ணை இங்கே எழுதுங்கள். உங்கள் மோட்டார் 3 ஓம் இல்லாமல் 1 ஓம் என்று வந்தால் ஃப்யூஸ், டிரைவர் இரண்டையுமே மாற்ற வேண்டியிருக்கும்.